முதல் பக்கெட்

பாலகுரு சஜினின் பல்லை உடைத்தது ஓர் ஆமைக்காக.

சாக்பீஸ் ஆமை. தோஹா தொழில்பேட்டையின் கடைசித் தெருவில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலை அது. உலைக் கொட்டகையின் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று ஏ ஷிப்டுக்கு, மற்றது பி ஷிப்டுக்கு. வாரக் கடைசியில் அதிகம் உருக்கிய ஷிப்டின் கட்டத்தில் விமானம் வரைவார்கள், மேலே சிவப்புக் கொடியைச் செருகுவார்கள். தோற்ற ஷிப்டின் கட்டத்தில் ஆமை. அந்த வாரம் ஆமை ஏ ஷிப்டிடம் இருந்தது. பாலகுரு ஏ ஷிப்டின் ஃபோர்மேன்.

ஆலை ஆட்கள் தங்கும் கேம்ப்பின் குளியலறையில் வரிசையாகக் குழாய்கள். பாலகுரு முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துக் குழாயில் பி ஷிப்டின் சஜின் குளித்தான்.

"அண்ணே, ஆமை எப்பம் ஊருக்குப் போய்ச் சேரும்?"

யாரோ சிரித்தார்கள்.

"மெதுவாத்தான் போவும். போய்ச் சேரும்போ கெட்டப்போற பொண்ணுக்க பிள்ளைக்குக் காதுகுத்து நடக்கும். ஒரு வாய் சோறு தின்னுட்டு வரலாம்ணே."

பாலகுரு கண்ணைத் திறக்கவில்லை. கையிலிருந்த இரும்பு வாளியைக் குரல் வந்த பக்கம் வீசினான். விளிம்பு வாயில் பட்டது. சஜின் ஈரத் தரையில் முட்டி போட்டான். பாலகுரு அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் குழாயின் மேல் இன்னொரு முறை மோதினான். தண்ணீர் சிவப்பாக ஓடியது. முன்பல் இரண்டு. ஒன்று வடிகால் கம்பியில் சிக்கி நின்றது.

ஜஸ்டஸ் துண்டோடு ஓடி வந்தான். பி ஷிப்டின் ஃபோர்மேன் அவன். சஜின் அவனுடைய மனைவியின் தம்பி. பாலகுருவும் ஜஸ்டஸும் மூன்று வருடமாக ஒரே இரும்புக் கட்டிலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் படுப்பவர்கள். பாலகுருவுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். ஜஸ்டஸுக்குக் குளச்சல்.

"என்ன மக்கா செய்து வச்சிருக்கே?"

"உன் மச்சினனுக்கு வாய் நீளம்."

"நீளம்னா ரெண்டு அறை குடுக்கணும். பல்ல உடைப்பியாலே?"

"அறைஞ்சா அடுத்த வாரமும் பேசுவான் மாப்ள."

 ஜஸ்டஸ் சஜினின் வாயில் துண்டை வைத்து அழுத்தி அழைத்துப் போனான். சாயங்காலம் தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான். மேல்தட்டில் வெறும் கம்பி மட்டும் இருந்தது.

ஆமை அனத்தோலியின் ஊரிலிருந்து வந்தது.

அனத்தோலி உலை மாஸ்டர். ருஷ்யர். அறுபதை நெருங்கியவர். இளவயதில் பிலாய் இரும்பாலையில் வேலை பார்த்ததால் அரைகுறை இந்தி வரும். தமிழ் ஆட்கள் அவரை அனந்து என்று கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். டீ நேரத்தில், பழைய இரும்பு குவித்திருந்த யார்டில் கிடந்த ஒரு தண்டவாளத் துண்டின் மேல் உட்கார்ந்து தன் ஊரைப் பற்றிப் பேசுவார். வேறு பேச்சு அவரிடம் இல்லை.

ஊரின் பெயர் மக்னித்தகோர்ஸ்க். அங்கே முதலில் ஊரே கிடையாது. புல்வெளி, ஓர் ஆறு, ஒரு மலை. மலை முழுக்க இரும்பு. மாஸ்கோவிலிருந்து உத்தரவு வந்தது. ரயில் வந்தது. ரயிலிலிருந்து ஆட்களைப் புல்வெளியில் இறக்கினார்கள். ஆசைப்பட்டு வந்தவர்கள் கொஞ்சம் பேர். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய விவசாயிகள் நிறையப் பேர். அனந்துவின் தாத்தா இரண்டாவது வகை. கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். சுற்றிலும் முள்வேலி.

"பாஸ்போர்ட்?" என்று கேட்டான் ஜஸ்டஸ்.

"பாஸ்போர்ட் மாஃபி," என்றார் அனந்து. கிடையாது.

"அப்பம் நம்ம கம்பெனிதான். இவனும் வாங்கி வச்சிருக்கான்லா."

"கரண்ட் இருந்துச்சா மாஸ்டர்?" என்றான் ஏ ஷிப்டின் செய்கு முகம்மது.

"முதலில் உலைக்கு. பிறகு ஆளுக்கு."

ஆலைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். நடுக்குளிர்காலத்தில். இடக்கரையிலிருந்து ஒரு கூட்டம் கட்டிக்கொண்டு வந்தது, வலக்கரையிலிருந்து ஒரு கூட்டம். யார் முதலில் நடு ஆற்றைத் தொடுவது என்று போட்டி வைத்தார்கள். முந்துகிற கரைக்குச் சிவப்புக் கொடி. பின்னாளில் ஆலை முழுக்க அதே வழக்கம் வந்தது. முந்துகிறவனுக்குப் பலகையில் விமானம். பிந்துகிறவனுக்கு ஆமை.

தாத்தா இடக்கரை. கான்கிரீட் காய்வதற்குள் உறைந்துவிடாமல் இரண்டு கரையிலும் கரியடுப்பு மூட்டி வைத்திருப்பார்கள். ஒரு முறை தாத்தாவும் கூட்டாளிகளும் பனிக்கட்டி மேல் தவழ்ந்து போய் வலக்கரைக்காரர்களின் அடுப்புகளை அணைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் வலக்கரை ஆட்கள் மேலே ஏறியதும் கான்கிரீட் விண்டது. ஆட்கள் பனிக்கட்டிக்குக் கீழே போனார்கள். பனி உருகிய பிறகுதான் உடல்கள் கிடைத்தன.

"தாத்தாவுக்கு என்ன கெடச்சது?" என்று கேட்டான் பாலகுரு.

"கொடி. ஒரு ஜோடி கம்பளி பூட்ஸ்."

"அந்த அணை இப்ப இருக்கா?"

அனந்து சிரித்தார். அணை சிறியதாகப் போய்விட்டது. சில வருடங்களில் கீழே பெரிய அணை கட்டினார்கள். முதல் அணை அதன் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. இன்றும் உள்ளேதான் கிடக்கிறது.

"தூ," என்றான் செய்கு முகம்மது. "இதுக்கா அந்த அலை அலைஞ்சானுக?"

இன்னொரு நாள் முதல் உலை எரிந்த கதை. அதுவும் குளிர்காலம். குழாய்கள் உறைந்து வெடித்தன. ஆட்கள் ஓடப் பார்த்தார்கள். ஓட எங்கும் இடமில்லை. தாத்தாவின் அண்ணன் கோடரியால் தன் விரல்களைத் தானே வெட்டிக்கொண்டான். விரல் இல்லாதவன் உலைக்கு எதற்கு என்று அவனை வெளியே விட்டுவிட்டார்கள்.

"ஹோஷியார் ஆத்மி," என்றார் அனந்து. புத்திசாலி.

பிறகு யுத்தம். நாட்டின் பாதி டேங்குகளுக்கு அந்த ஊர்தான் தகடு போட்டது. ஊர் ஆற்றைத் தாண்டி வளர்ந்தது. ஆசியக் கரையில் ஆலை, ஐரோப்பியக் கரையில் வீடு. டிராமில் ஏறினால் கண்டம் மாறும். நாலு லட்சம் ஜனம். மலை மட்டும் இல்லை. தின்று தீர்த்துவிட்டார்கள். இப்போது கல் வெளியிலிருந்து ரயிலில் வருகிறது. அனந்து கையை விரித்துக் காட்டினார். "பஹாட் கலாஸ்." மலை காலி.

இந்தப் பேச்சை ஒரு நாள் ரெங்கராஜ் நின்று கேட்டார். புரொடக்‌ஷன் மேனேஜர். கோயம்புத்தூர்க்காரர். கொடியும் ஆமையும் அவருக்குப் பிடித்துப்போயின. அவற்றுக்குச் செலவு இல்லை. மறுவாரம் கரும்பலகை வந்தது. முதல் ஆமையை அனந்துவே வரைந்தார். வால் சிறியதாக, கண் பெரியதாக. எல்லாரும் சிரித்தார்கள். முதல் ஒரு மாதம் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊர் முழுக்கக் கட்டடம் எழும்பியது. கம்பி போதவில்லை. எல்லார் லீவையும் நிறுத்தினார்கள். ரெங்கராஜ் பலகைக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்திப் பேசினார்.

"ஏப்பா, நல்லாக் கேட்டுக்கங்க. தை மாசம் ஒரு ஷிப்டுக்குத்தான் லீவு. டிசம்பர் கடைசி நாள் கொடி யார்கிட்டயோ, அவங்க போலாம். மத்தவங்களுக்கு ஆடியில பாக்கறேன். முதலாளி கஃபீல்கிட்ட பேசியாச்சு. என்கிட்ட வந்து யாரும் அழுதுட்டு நிக்கக் கூடாது."

அன்றைக்குப் பிறகு ஆமை கிடைத்த ஷிப்டில் யாரும் சிரிக்கவில்லை.

பாலகுருவுக்குத் தையில் கல்யாணம். பெண் சந்தியா, பரமக்குடி. போன தையில் நடக்க வேண்டியது. லீவு கிடைக்காமல் தள்ளிப்போனது. அவள் போனில் அதிகம் பேச மாட்டாள்.

"வந்துருவேன்," என்றான்.

"போன தையிலயும் இதத்தான் சொன்னீக."

"இந்த வட்டம் உறுதி."

"அப்பா இந்தத் தைதான் கடைசின்னுட்டாக. அதுக்கு மேல நான் கேக்க முடியாது. வரலைன்னா நேராச் சொல்லிருங்க. நம்ம கல்யாணத்துக்கு எடுத்த சேலைய இன்னொருத்தருக்காகக் கட்ட எனக்கும் சங்கடமா இருக்கும்ல."

ஜஸ்டஸுக்கும் தை வேண்டியிருந்தது. மகள் அக்ஸாவுக்குச் சர்ச்சில் புது நன்மை, முதன்முதலாக அப்பம் வாங்கும் சடங்கு. அப்பா வந்தால்தான் வெள்ளைக் கவுன் போடுவேன் என்று அவள் அடம் பிடித்தாள். இது பாலகுருவுக்குத் தெரியும். மேல்தட்டிலிருந்து ஜஸ்டஸ் அதைச் சொல்லிச் சிரித்தபோது கீழ்த்தட்டில் படுத்திருந்து கேட்டவன் அவன்தான்.

சஜினின் பல்லுக்குப் பதில் ஒரு வாரத்தில் வந்தது. ஷிப்ட் மாறும்போது உலையிலிருந்து வழித்த கசடு வண்டி கவிழ்ந்தது. செய்கு முகம்மதுவின் பூட்ஸுக்குள் நெருப்பு இறங்கியது. பூட்ஸைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. வண்டியைப் பிடித்திருந்தவன் சஜின். தடுக்கியது என்றான். வாயில் பல் இல்லாததால் சொல் காற்றாக வந்தது.

அதற்குப் பதில் கேம்ப் பஸ்ஸில் வந்தது. ஏ ஷிப்ட் ஆட்கள் பின் ஸீட்டில் பி ஷிப்டுக்காரன் ஒருவனைப் போட்டுக் கம்பித் துண்டால் அடித்தார்கள். பாலகுரு முன் ஸீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். நிறுத்தச் சொல்ல அவனால் முடியும். சொல்லவில்லை. பஸ்ஸின் தரையைக் கழுவ வேண்டியிருந்தது.

அனந்து பலகையை எடுத்துவிடச் சொன்னார். ரெங்கராஜ் அவரைத் தோளில் தட்டினார். "உங்க ஊரு ஐடியாதான மாஸ்டர்? நாலு லட்சம் பேர் ஊரு. சும்மாவா வளந்துச்சு?"

அடிதடியை விட மோசமானது பக்கெட்.

உலைக்கு இரும்பு பக்கெட்டில் போகும். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும், அடிப்பக்கம் வாய் திறக்கும். கிரேன் தூக்கிப்போய் உலைக்கு மேலே நிறுத்தும். வாய் திறந்தால் மொத்தமும் உள்ளே விழும். உலை ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதால் ஒரு வழக்கம் இருந்தது. போகிற ஷிப்ட், வருகிற ஷிப்டுக்காக முதல் பக்கெட்டை நிரப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். போட்டிக்கு முன்னால் அதை மரியாதையாகச் செய்தார்கள். கனமான நல்ல இரும்பாகப் பார்த்துப் போடுவார்கள். சில நாள் மேலே ஒரு சிகரெட் பாக்கெட்கூட இருக்கும்.

இப்போது முதல் பக்கெட்டில் மண் வந்தது. பெயின்ட் டப்பா வந்தது. சிமென்ட் அடைத்த குழாய் வந்தது. எல்லாம் எடை காட்டும், உருகினால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு ஷிப்டும் செய்தன. வருகிற ஷிப்ட் பக்கெட்டைக் கொட்டிப் பொறுக்கி மறுபடி நிரப்பினால் ஒரு மணி நேரம் போகும். அப்படியே உலையில் போட்டால் கணக்கில் குறையும்.

டிசம்பர் கடைசி வாரம் மழை பெய்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. யார்டுக்கு வடிகால் கிடையாது. மழையை நினைத்து அந்த ஊரில் யாரும் யார்டு கட்டுவதில்லை. இரும்புக் குவியல்களின் அடியில் தண்ணீர் குளம்போல நின்றது. அனந்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். தன் ஊரில் பனி படிந்த இரும்பைத் தீயில் காட்டி உலர்த்தாமல் உலைக்கு அனுப்ப மாட்டார்கள். உருகிய இரும்புக்கு அடியில் தண்ணீர் சிக்கினால் ஆவிக்குத் தப்ப வழி இல்லை, உலையே வெடிக்கும். கையை மூடித் திறந்து காட்டினார். எல்லாருக்கும் புரிந்தது. அதுவரை தெரியாதவர்கள் என்று அங்கே யாரும் இல்லை.

கடைசி நாள். ஏ ஷிப்ட் இரவு வேலை முடித்தது. மொத்தக் கணக்கில் பி ஷிப்ட் பின்தங்கிய அளவு, ஒரு முழு ஷிப்டில் உருக்குவதை விட முக்கால் பக்கெட்தான் குறைவு. அவர்களுக்கு இன்னும் ஒரு பகல் ஷிப்ட் இருந்தது. அந்தப் பகல் தடையில்லாமல் ஓடினால் கொடி அவர்களுக்கு. ஒரு மணி நேரம் தடைப்பட்டால் கொடி பாலகுருவுக்கு.

விடியும் நேரம் பாலகுரு தானே கிரேன் ஏறினான். கிரேனின் காந்தத்தை மழைக் குளத்துக்குள் இறக்கினான். சேறும் தண்ணீருமாக இரும்பு மேலே வந்தது. அதை பக்கெட்டில் போட்டான். மறுபடி இறக்கினான். குழாய்களின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மேலே எதுவும் போட்டு மூடவில்லை. மூட அவன் விரும்பவும் இல்லை. பார்த்தவுடன் தெரிய வேண்டும். அனந்து கத்த வேண்டும். கொட்டி உலர்த்தச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஷிப்ட் மாறியது. எதிரே வந்த ஜஸ்டஸ் அவனைப் பார்க்காமல் போனான். சஜின் பார்த்தான், வாயைத் திறந்து ஈறைக் காட்டினான்.

பஸ் கேட்டுக்கு வெளியே நின்றது. பாலகுரு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். அங்கிருந்து கொட்டகையின் திறந்த பக்கம் தெரியும். மழைக்குப் பிறகு வந்த வெயில் சுத்தமாக இருந்தது. ஜஸ்டஸ் பக்கெட்டின் ஏணியில் ஏறி உள்ளே பார்ப்பது தெரிந்தது. பாலகுரு காத்திருந்தான்.

ஜஸ்டஸ் இறங்கினான். கத்தவில்லை. கிரேன்காரனுக்குக் கையைக் காட்டினான். பக்கெட்டைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார்கள். பிறகு கூரைக்கு அடியில் கிடந்த லேத்தில் சீவிய காய்ந்த இரும்புச் சுருளை அள்ளி மேலே போட்டார்கள். ஒரு முறை. இன்னொரு முறை.

மூடுகிறான். அனந்து கண்ணில் படாமல்.

அனந்து டீ டம்ளரோடு வந்தார். ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். காய்ந்த சுருள்தான் தெரிந்திருக்கும். தலையை ஆட்டினார்.

பாலகுரு எழுந்தான். பஸ் படிக்கு வந்தான். கேட்டருகே ரெங்கராஜ் போன் பேசிக்கொண்டிருந்தார். கத்தினால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் பக்கெட்டை நனைத்தது யார் என்று ரெங்கராஜ் கேட்பார். கொடி போகும். தை போகும். அவன் ஒரு காலைத் தரையில் வைத்து, ஒரு காலைப் படியில் வைத்து நின்றான். பக்கெட் தரையை விட்டு எழும்பியது. அடிவாயிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. சொட்டு வெயிலில் மின்னியது.

அப்போதுதான் ஓடினான்.

"ஜஸ்டஸ்! தண்ணிடா! நிப்பாட்டு!"

உலையின் மூடி நகர்ந்து திறந்தது. அந்த இரைச்சலில் எவன் குரலும் கேட்காது. பக்கெட்டின் வாய் திறந்தது.

முதலில் வெளிச்சம். பிறகு சத்தம். பாலகுரு மல்லாந்து விழுந்தான். கொட்டகையின் கூரைத் தகடுகள் காகிதம் போலப் பறந்தன. இரும்பு மழையாகப் பெய்தது. அவன் பக்கத்தில் விழுந்த துளிகள் ஈரமண்ணில் சீறின. காது அடைத்துவிட்டது. ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஒருவன் முதுகில் தீயோடு ஓடி வந்து குட்டையில் விழுந்தான்.

அனந்து, உலையை இயக்கும் பேனல் அறையின் வெளிச்சுவரோரம் கிடந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூச்சு இருந்தது. விட்டு விட்டு வந்தது.

உலை வாசலில் ஒரு கரிக்கட்டை கிடந்தது. யார் என்று தெரியவில்லை. பாலகுரு குனிந்து பார்த்தான். வாய் திறந்திருந்தது. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை.



ஜஸ்டஸ் பேனல் அறைக்குள் இருந்ததால் தப்பினான். கழுத்தில் மட்டும் வெந்த புண். அவன் சஜினின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். பாலகுருவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பக்கெட்டைப் பார்த்தான். பக்கெட் இன்னும் சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆபீஸில் விசாரித்தார்கள். ரெங்கராஜ் மழை என்றார். மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார். பக்கெட்டை நிரப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பலகையைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் ரெங்கராஜ் பாலகுருவைக் கூப்பிட்டார்.

"எல்லா லீவும் கேன்சல். உலை எழும்பற வரைக்கும் ஒருத்தனும் நகரக் கூடாது. மாஸ்டர் இனி வர மாட்டாரு, நுரையீரல் வெந்துபோச்சு. உலைக்குள்ள செங்கல் கட்டத் தெரிஞ்சவன் இப்ப ஜஸ்டஸ் ஒருத்தன்தான்." நிறுத்தினார். "சஜின் பாடிகூட ஒரு ஆள் போகணும். திருவனந்தபுரம் வரைக்கும் பிளைட், அங்கிருந்து வண்டி. கிரேனுக்கு இப்ப வேலை இல்ல. கொடியும் உன்கிட்டதான் இருக்கு. நீ போ. பெட்டியைக் குடுத்துட்டு அப்படியே உன் கல்யாணத்தையும் முடிச்சுட்டு வா."

"ஜஸ்டஸ் போகட்டும் சார். அவன் மச்சினன்."

"உலையை யாரு கட்டுவா? நீயா?"

"சார்..."

"யல்லா, போப்பா. டிக்கெட் போட்டாச்சு."

சாயங்காலம் பாலகுரு யார்டுக்குப் போனான். ஜஸ்டஸ் அங்கேதான் இருப்பான் என்று தெரியும். அனந்துவின் தண்டவாளத் துண்டின் மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கசடு உடைக்கிற சம்மட்டி.

"நீ நனைச்சே," என்றான் ஜஸ்டஸ்.

"ஆமா."

"நான் மூடினேன்."



ஜஸ்டஸ் எழுந்து வந்து முகத்தில் குத்தினான். பாலகுருவின் மூக்கு நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தான். எழுந்தான். மறுபடி குத்து.

"கையத் தூக்குலே."

தூக்கவில்லை.

"தூக்குலே நாயே. பல்ல உடைச்சில்லா? இப்பம் தூக்கு."

விலாவில் உதைத்தான். வயிற்றில் உதைத்தான். தலைமுடியைப் பிடித்து முகத்தை மண்ணில் தேய்த்தான். கை ஓயும் வரை அடித்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். இருவர் மூச்சும் ஒன்றாகக் கேட்டது.

"சஜினுக்க அம்மைக்கு முன்ன நீயா போய் நிப்பே? அவனுக்க பெட்டிய நீ இறக்கி வைப்பியா?"

"நான் மாட்டேன்னுட்டேன். ரெங்கராஜ் கேக்கல. உலை கட்ட நீ வேணுமாம்."

"தெரியும்." ஜஸ்டஸ் வாயைத் துடைத்தான். "அனந்துக்க தாத்தாக்க அண்ணன ஓர்மை இருக்கா?"

பாலகுரு சம்மட்டியைப் பார்த்தான்.

"காலையில நானே அடிச்சுப் பாத்தேன்," என்றான் ஜஸ்டஸ். "அடிக்கப் போகும்போ கை தன்னால விலகுது. நீ அடி."

அவன் போய் மண்டியிட்டு வலது கையைத் தண்டவாளத்தின் மேல் வைத்தான். செங்கல் கட்டுகிற கை. விரல்களை நீட்டி வைத்தான்.

பாலகுரு சம்மட்டியை எடுத்தான். அடிக்காதவரை டிக்கெட் அவனுடையது. கீழே போட்டுவிட்டு நடந்தால் நாளை விமானம். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பரமக்குடி. தை முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

"அடிலே."

அடித்தான்.

சத்தம் சின்னதாகத்தான் வந்தது. ஜஸ்டஸ் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். இரண்டு விரல் தட்டையாகிவிட்டன. கையை எடுக்கவில்லை.

"போதும்டா மாப்ள."

"போதாது." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "விரல்னா கட்டுப் போட்டு வேலைக்கு நிறுத்துவான். மணிக்கட்டு."

பாலகுருவின் மூக்கிலிருந்து ரத்தம் சம்மட்டிப் பிடியில் விழுந்தது. பிடி வழுக்கியது. சட்டையில் துடைத்தான். இந்த முறை தலைக்கு மேலே ஓங்கினான்.

எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஜஸ்டஸ் அப்போதுதான் கத்தினான். பாலகுரு சம்மட்டியைப் போட்டுவிட்டு அவனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். இருவரும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தான்.

ரெங்கராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"எப்படி?"

"பழைய செங்கல் சரிஞ்சு விழுந்துச்சு சார்," என்றான் பாலகுரு.

ரெங்கராஜ் அவனுடைய வீங்கிய முகத்தைப் பார்த்தார். "உனக்கு?"

"எனக்கும் செங்கல்தான்."

 அவர் போனை எடுத்து டிக்கெட்டில் பெயரை மாற்றச் சொன்னார். கை இல்லாதவன் இங்கே எதற்கு. துபாய் அல் கூஸிலிருந்து செங்கல் ஆள் ஒருவன் வருவான், பாலகுரு அவனுக்குச் செங்கல் சுமந்து போட வேண்டும் என்றார்.

ஜஸ்டஸ் பெட்டியோடு போனான். கிளம்பும்போது இடது கையை நீட்டினான். பாலகுருவும் இடது கையைக் கொடுத்தான்.

சந்தியாவுக்குப் போன் செய்தான்.

"வரலை," என்றான்.

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"சரிங்க," என்றாள். "நேராச் சொன்னீகளே."

மாசியில் உலை மறுபடி எரிந்தது. அல் கூஸ்காரன் கட்டிய சுவர் நன்றாகவே நின்றது. கூரைக்குப் புதுத் தகடு போட்டிருந்தார்கள். பி ஷிப்டில் பாதிப் பேர் புது ஆட்கள். கரும்பலகை பழைய இடத்திலேயே இருந்தது. கரி படிந்த கொடியைத் துவைத்து மறுபடி செருகியிருந்தார்கள்.

முதல் நாள் ஷிப்ட் முடியும் நேரம் பாலகுரு கிரேனில் ஏறினான். கனமான இரும்பாகப் பார்த்து முதல் பக்கெட்டை நிரப்பினான். இறங்கிவந்து சட்டையைக் கழற்றி, பக்கெட்டின் அடிவாய் இடுக்கில் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். காய்ந்திருந்தது.

பி ஷிப்டின் புது ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நின்றான். எல்லாக் கதையையும் கேட்டிருப்பான். பக்கெட்டைப் பார்த்தான், பாலகுருவின் கோணல் மூக்கைப் பார்த்தான்.

"கொட்டுங்கண்ணே," என்றான். "மொத்தத்தையும் தரையில கொட்டுங்க. நான் பாக்கணும்."

பாலகுரு மறுபடி கிரேனில் ஏறினான்.